சிபியு 40 சதவீதம் என்றால், எதில் 40 சதவீதம்?

விண்டோஸ் 11 பயன்படுத்தும் பலருக்கு 2025-ல் ஒரு குழப்பம் வந்தது. அப்டேட் போட்ட பிறகு டாஸ்க் மேனேஜரைத் திறந்தால், முன்பு சிபியு (ப்ராசஸர்) 80, 90 சதவீதம் என்று நின்ற அதே வேலைக்கு இப்போது 50, 60 என்றுதான் காட்டுகிறது. கம்ப்யூட்டர் திடீரென்று வேகமாகிவிட்டதா? இல்லை, டாஸ்க் மேனேஜர் எதையாவது எண்ணாமல் விடுகிறதா?

இரண்டும் இல்லை. மைக்ரோசாஃப்ட் கணக்குப் போடும் முறையை மாற்றியிருக்கிறது. ப்ராசஸஸ், பெர்ஃபார்மன்ஸ், யூசர்ஸ் ஆகிய மூன்று பக்கங்களிலும் மற்ற கருவிகள் போடும் வழக்கமான கணக்கையே இனி போடுவது என்று முடிவு செய்தார்கள். பழைய எண்தான் வேண்டும் என்பவர்களுக்காக, டீட்டெய்ல்ஸ் பக்கத்தில் 'சிபியு யுடிலிட்டி' என்று ஒரு பத்தியைச் சேர்த்திருக்கிறார்கள். அதை நாமே தேர்ந்தெடுத்தால்தான் கண்ணில் படும்.

ஆக, ஒரே கம்ப்யூட்டரில் ஒரே நொடிக்கு இரண்டு எண்கள். இரண்டுமே சரியான எண்கள்தான். இது எப்படி முடியும் என்று புரிய வேண்டுமானால், அந்தச் சதவீதம் எப்படி உருவாகிறது என்று அடியிலிருந்து பார்க்க வேண்டும்.

கோருக்கு இரண்டே நிலைகள்

ப்ராசஸருக்குள் தனித்தனியாக நிரல்களை ஓட்டும் பகுதிகளுக்குக் கோர் என்று பெயர். ஒரு கோரை ஒரு குறிப்பிட்ட கணத்தில் நிறுத்திப் பார்த்தால், ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் கணக்கில் அதற்கு இரண்டு நிலைகள்தான். ஏதோ ஒரு நிரலை ஓட்டிக்கொண்டிருக்கும், அல்லது ஓட்டுவதற்கு எதுவும் இல்லாமல் இருக்கும். '40 சதவீதம் வேலை' என்று ஒரு கணமும் கிடையாது. ஒரு நொடியில் 0.4 நொடி எதையாவது ஓட்டிக்கொண்டிருந்தது, மீதி 0.6 நொடி சும்மா இருந்தது என்பதைத்தான் 40 என்று சொல்கிறோம்.

சும்மா இருக்கும் நேரத்துக்கும் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப்பகுதியான கெர்னல் ஒரு கணக்கு வைக்கிறது. ஓடத் தயாராக எந்த த்ரெட்டும் (ஒரு நிரலுக்குள் தனியாக ஓடும் வேலைத் தொடர்) இல்லாதபோது, கோரில் அடுத்து எது ஓட வேண்டும் என்று முடிவு செய்யும் ஷெட்யூலர், ஐடில் த்ரெட் என்ற ஒன்றை ஓடவிடும். லினக்ஸில் அது ப்ராசஸ் (ஓடும் நிரல்) எண் 0. விண்டோஸில் அதன் பெயர் 'சிஸ்டம் ஐடில் ப்ராசஸ்', எண் அங்கேயும் 0-தான். அது செய்வதெல்லாம் கோரைத் தூங்க வைக்கும் கட்டளையைக் கொடுப்பது. அடுத்த இன்டரப்ட் (கவனிக்கச் சொல்லி வன்பொருள் கொடுக்கும் சிக்னல்) வந்து எழுப்பும்வரை கோர் மின்சாரத்தை மிச்சப்படுத்திக்கொண்டு கிடக்கும். டீட்டெய்ல்ஸ் பக்கத்தில் சிஸ்டம் ஐடில் ப்ராசஸ் 95 சதவீதம் எடுப்பதாகப் பார்த்து வைரஸோ என்று பயப்படுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை. அந்த 95 நமக்கு இன்னும் மிச்சமிருக்கும் நேரம்.

அப்படியானால் சூத்திரம் எளிது: மொத்த நேரத்திலிருந்து ஐடில் நேரத்தைக் கழித்து, மொத்த நேரத்தால் வகுக்க வேண்டும். இந்தச் சூத்திரத்தில் மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன.

1. நேரத்தை எண்ணியது எப்படி?
2. எதை வேலையில் சேர்த்தார்கள், எதை ஐடிலில் சேர்த்தார்கள்?
3. எதால் வகுத்தார்கள்? எத்தனை கோர், எவ்வளவு நேரம்?

கருவிக்குக் கருவி எண் மாறுவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

டிக் விழும்போது மாட்டிக்கொள்பவர்

பழைய முறை இது. ஒரு டைமர் சீரான இடைவெளியில் இன்டரப்ட் கொடுக்கும். அதற்குப் பெயர் டிக். லினக்ஸில் கெர்னலை உருவாக்கும்போதே நொடிக்கு 100, 250, 300, 1000 ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். 250 என்றால் டிக்குக்கு டிக் 4 மில்லி நொடி. விண்டோஸில் வழக்கமான இடைவெளி 15.625 மில்லி நொடி, அதாவது நொடிக்கு 64 முறை. ஒவ்வொரு டிக்கிலும் கெர்னல் 'இப்போது யார் ஓடிக்கொண்டிருந்தார்கள்?' என்று பார்த்து, அந்த இடைவெளி முழுவதையும் அவர் பெயரில் எழுதிவிடும்.

தலைமையாசிரியர் அவ்வப்போது வகுப்பை எட்டிப் பார்ப்பது போலத்தான் இது. அவர் பார்க்கும் கணத்தில் எழுந்து நின்ற பையன்தான் அந்த நேரம் முழுக்க அமர்க்களம் செய்தவன் என்று பதிவாகும்.

பெரும்பாலான நேரம் இது மோசமில்லாத மதிப்பீடுதான். ஆயிரக்கணக்கான டிக்குகள் சேரும்போது கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். ஆனால் ஒரு நிரல் அதே டைமரை வைத்து எழுந்து, அடுத்த டிக் வருவதற்குச் சற்று முன் தூங்கிவிட்டால் ஈடுகட்ட வழியே இல்லை. கோரின் பெரும்பகுதியை அது சாப்பிட்டிருக்கும், கணக்கிலோ பூஜ்யம் என்று இருக்கும். இது கற்பனை இல்லை. லினக்ஸ் கெர்னலுடன் வரும் ஆவணத்திலேயே இப்படி ஏமாற்றும் ஒரு சின்ன நிரல் உதாரணமாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது. இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். சரியாக டிக் விழும் கணத்தில் மட்டும் கால் மில்லி நொடி ஓடும் நிரலின் பெயரில் முழு 4 மில்லி நொடியும் ஏறும்.

அதனால்தான் 2007 வாக்கில் இரண்டு பக்கமும் மாற்றம் வந்தது. லினக்ஸ் 2.6.23-ல் வந்த புதிய ஷெட்யூலர், ஒவ்வொரு த்ரெட்டும் கோருக்குள் நுழையும் நேரத்தையும் வெளியேறும் நேரத்தையும் நானோ நொடிக் கணக்கில் குறித்துக்கொள்ளத் தொடங்கியது. விண்டோஸ் விஸ்டாவில் ப்ராசஸரின் சைக்கிள் (கடிகாரத் துடிப்பு) எண்ணிக்கையை வைத்து ஒவ்வொரு த்ரெட்டும் எவ்வளவு ஓடியது என்று குறிக்கும் வசதி வந்தது.

ஆனால் பழைய கணக்கும் கூடவே இருக்கிறது. லினக்ஸில் ஒரு ப்ராசஸ் மொத்தம் எவ்வளவு ஓடியது என்பது நானோ நொடித் துல்லியத்தில் தெரியும். அதில் எவ்வளவு நிரலின் சொந்த வேலை, எவ்வளவு கெர்னலுக்குள் போன நேரம் என்ற பிரிப்பு, பல அமைப்புகளில் டிக் விகிதத்தை வைத்துப் பங்கிடப்படுகிறது. விண்டோஸிலும் ப்ராசஸின் நேரத்தைக் கேட்கும் பழைய அழைப்பு டிக் கணக்கையே தருகிறது. மைக்ரோசாஃப்ட்டின் இன்னொரு கருவியான ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரர் சைக்கிள் கணக்கைக் காட்டும். அடிக்கடி எழுந்து நொடியின் சின்னத் துளியளவு ஓடிவிட்டுத் தூங்கும் சேவைகள் ஒரு கருவியில் 0 என்றும் இன்னொன்றில் 1, 2 என்றும் தெரிவது இதனால்தான்.

லினக்ஸின் கணக்குப் புத்தகம்

லினக்ஸில் டாப், ஹெச்டாப், விஎம்ஸ்டாட் என எந்தக் கருவியை எடுத்தாலும் அது படிப்பது ஒரே இடத்தை: ப்ராக் அடைவில் இருக்கும் ஸ்டாட் கோப்பு. அதில் சதவீதம் எதுவும் இருக்காது. கம்ப்யூட்டர் பூட் ஆனதிலிருந்து ஒவ்வொரு வகையிலும் சேர்ந்த நேரம் மட்டுமே இருக்கும், பொதுவாக நொடியில் நூறில் ஒரு பங்கு என்ற அலகில். யூசர், நைஸ், சிஸ்டம், ஐடில், ஐஓவெயிட், ஐஆர்க்யூ, சாஃப்ட்ஐஆர்க்யூ, ஸ்டீல், கெஸ்ட், கெஸ்ட் நைஸ் என்று பத்துப் பத்திகள். யூசர் என்பது நிரல்களின் சொந்த வேலை, சிஸ்டம் என்பது கெர்னலுக்குள் போன நேரம்.

கருவி இந்தக் கோப்பை ஒருமுறை படிக்கும், கொஞ்சம் காத்திருக்கும், மறுபடி படிக்கும், வித்தியாசத்தை எடுக்கும். நான்கு கோர் உள்ள கம்ப்யூட்டரில் ஒரு நொடி இடைவெளியில் இரண்டு முறை படித்ததாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 400 அலகுகள் கூடியிருக்க வேண்டும். அதில் யூசர் 90, சிஸ்டம் 20, ஐஓவெயிட் 20, ஐடில் 270 என்றால்:

ஐஓவெயிட்டை ஐடிலோடு சேர்க்கும் கருவிக்கு, வேலை 110. விடை 27.5 சதவீதம்.

ஐடில் பத்தியை மட்டும் கழிக்கும் கருவிக்கு, வேலை 130. விடை 32.5 சதவீதம்.

ஒரே கோப்பு, ஒரே நொடி, 5 சதவீதம் வித்தியாசம். இதில் முதல் கணக்கே சரி என்பது என் கருத்து. ஐஓவெயிட் என்பது கோர் சும்மா இருந்த நேரம்தான். அந்தக் கோரில் ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒரு வேலை டிஸ்க்குக்காகக் காத்திருந்தது என்ற கூடுதல் தகவல் மட்டுமே அதில் இருக்கிறது. வேறு நிரல் ஒன்று ஓடத் தயாராக வந்தால் அந்த நேரத்தை அப்படியே எடுத்துக்கொள்ளும். உதாரணமாக, டிஸ்க்குக்காகக் காத்துக் கிடக்கும் சர்வரில் கணக்குப் போடும் நிரல் ஒன்றை ஓட்டிப் பாருங்கள். டிஸ்க் முன்பு போலவே திணறும், ஐஓவெயிட் எண்ணோ சரசரவென்று இறங்கிவிடும். லினக்ஸ் கையேடே அந்த எண்ணை நம்ப வேண்டாம் என்று சொல்கிறது.

ஸ்டீல் பத்தி கிளவுடில் விர்ச்சுவல் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு முக்கியமானது. நம் மெஷின் ஓடத் தயாராக இருந்தும், அடியில் இருக்கும் உண்மையான கோரை, விர்ச்சுவல் மெஷின்களுக்குப் பங்கிட்டுத் தரும் ஹைப்பர்வைசர் வேறொருவருக்குக் கொடுத்திருந்த நேரம் அது. சர்வர் மந்தமாக இருக்கிறது, யூசரும் சிஸ்டமும் குறைவாகவே இருக்கின்றன என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். தொடர்ந்து 10, 15 என்று நின்றால் நம் நிரலைக் குடைந்து பயனில்லை.

கெஸ்ட் பத்தி, இந்தக் கம்ப்யூட்டர் தனக்குள் விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டிய நேரம். அது யூசருக்குள் ஏற்கெனவே அடங்கியது. அதைக் கழிக்காமல் எல்லாவற்றையும் கூட்டினால் ஒரே நேரம் இரண்டு முறை எண்ணப்படும்.

ஆண்ட்ராய்டும் லினக்ஸ் கெர்னல்தான். ஆனால் ஆண்ட்ராய்டு 8 முதல் சாதாரண ஆப்கள் இந்தக் கோப்பைப் படிக்க முடியாது. மற்ற ஆப்கள் என்ன செய்கின்றன என்பதை இந்த எண்களின் ஏற்ற இறக்கத்திலிருந்தே ஊகித்துவிட முடியும் என்பதால் கதவை மூடினார்கள். அதனால், ப்ளே ஸ்டோரிலிருந்து இறக்கிய சிபியு மானிட்டர் ஆப் புதிய போனில் ஒரு சதவீதத்தைக் காட்டினால், அது பெரும்பாலும் கோரின் வேகத்தை வைத்துப் போட்ட ஊகமாகத்தான் இருக்கும்.

எதால் வகுப்பது?

எட்டு கோர் கம்ப்யூட்டரில் ஒரு நிரல் ஒரு கோரை முழுசாகப் பிடித்திருக்கிறது. லினக்ஸின் டாப் அதை 100 என்று காட்டும். மேக்கின் ஆக்டிவிட்டி மானிட்டரும் 100 என்றே காட்டும். விண்டோஸ் டாஸ்க் மேனேஜர் 12.5 என்று காட்டும். முதல் இரண்டும் ஒரு கோரின் நேரத்தால் வகுக்கின்றன, மூன்றாவது எட்டு கோர்களின் நேரத்தால் வகுக்கிறது. டாப்பில் பெரிய எழுத்து ஐ விசையை அழுத்தினால் அதுவும் எல்லாக் கோர்களாலும் வகுக்கும். அந்த இரண்டு முறைகளுக்கு ஐரிக்ஸ், சோலாரிஸ் என்ற பழைய யூனிக்ஸ்களின் பெயர்களே நின்றுவிட்டன.

இதில் நடைமுறையில் அடிக்கடி ஏமாறும் இடம் விண்டோஸ்தான். 16 லாஜிக்கல் ப்ராசஸர் (ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஒரு கோராக எண்ணும் அலகு) உள்ள லேப்டாப்பில் ஒரு ஆப் அசையாமல் நிற்கிறது, டாஸ்க் மேனேஜரிலோ அது வெறும் 6 சதவீதம். 'சிபியு சும்மாதானே இருக்கிறது, அப்புறம் ஏன் தொங்குகிறது?' என்று தோன்றும். 100-ஐ 16-ஆல் வகுத்துப் பாருங்கள்: 6.25. அந்த ஆப்பின் ஒரே ஒரு த்ரெட் ஒரு கோரின் முழு நேரத்தையும் எடுத்துக்கொண்டு மாட்டிக்கொண்டிருக்கிறது.

நேரத்தின் நீளமும் இதே மாதிரி விளையாடும். லினக்ஸின் பிஎஸ் கட்டளை காட்டும் சிபியு சதவீதம், அந்த ப்ராசஸ் பிறந்ததிலிருந்து இன்றுவரையான சராசரி. பத்து நாள் தூங்கிக் கிடந்துவிட்டு இப்போதுதான் கோரைப் பிடித்த ப்ராசஸுக்கு பிஎஸ் 0.1 என்று காட்டும், டாப் 100 என்று காட்டும். விஎம்ஸ்டாட் தரும் முதல் வரியும் பூட் ஆனதிலிருந்தான சராசரிதான். இப்போதைய நிலை தெரிய இரண்டாவது வரிமுதல் பார்க்க வேண்டும்.

விண்டோஸ் ஏன் வேறு வழி போனது?

இனி 2025 மாற்றத்துக்கு வரலாம். இன்றைய ப்ராசஸரின் வேகம் நிலையானதில்லை. அடிப்படை வேகம் 2 கிகாஹெர்ட்ஸ் என்று பெட்டியில் போட்டிருக்கும், டர்போவில் 4 வரை போகும், பேட்டரி மிச்சம் பிடிக்கும்போது 1-க்குக் கீழும் இறங்கும். நேரத்தை மட்டும் எண்ணும் கணக்குக்கு இந்த வேறுபாடு தெரியாது. 1 கிகாஹெர்ட்ஸில் ஓடிய நொடியும் நொடிதான், 4-ல் ஓடியதும் நொடிதான்.

விண்டோஸ் 8-ல் மைக்ரோசாஃப்ட் இதைச் சரிசெய்யப் பார்த்தது. ஓடிய நேரத்தை, அப்போதைய வேகத்துக்கும் அடிப்படை வேகத்துக்கும் உள்ள விகிதத்தால் பெருக்கியது. ப்ராசஸர் யுடிலிட்டி என்பது இதுதான். கணக்காகப் போட்டால்:

1. நேரத்தில் 40 சதவீதம் ஓடியது, வேகம் 4, அடிப்படை 2. யுடிலிட்டி 80.
2. நேரத்தில் 60 சதவீதம் ஓடியது, அதே வேகம். யுடிலிட்டி 120. விண்டோஸின் இன்னொரு கருவியான பெர்ஃபார்மன்ஸ் மானிட்டர் 120 என்றே காட்டும், டாஸ்க் மேனேஜர் 100-ல் நிறுத்திவிடும்.
3. முழு நேரமும் ஓடியது, வேகம் 1. யுடிலிட்டி 50.

இரண்டாவது வரியில் கோர்கள் 40 சதவீத நேரம் சும்மா இருந்தும் திரையில் 100 நிற்கிறது. மூன்றாவதில் ஒரு கணம்கூட ஓய்வில்லாதபோதும் பாதி காலி என்று தெரிகிறது. இதற்கிடையில் டீட்டெய்ல்ஸ் பக்கம் பழைய நேரக் கணக்கிலேயே இருந்ததால், ஒரே டாஸ்க் மேனேஜரின் இரண்டு பக்கங்களில் ஒரே ஆப்புக்கு இரண்டு எண்கள். அதனால் 2025-ன் மாற்றம் சரியானது என்றே நினைக்கிறேன். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். யுடிலிட்டி எழுப்பிய கேள்வி நியாயமானது. எவ்வளவு வேலை நடந்தது என்பதற்கு நேரம் மட்டும் போதாது.

ஓடிய நேரமும் நடந்த வேலையும்

கோர் 'ஓடுகிறது' என்று கெர்னல் எழுதும் நேரத்தில் பெரும்பகுதி மெமரிக்காகக் காத்திருப்பதாகவும் இருக்கலாம். கேஷில் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் சின்ன, வேகமான மெமரி) இல்லாத தரவை ரேமிலிருந்து கொண்டுவர ஏறக்குறைய 100 நானோ நொடி ஆகும். 3 கிகாஹெர்ட்ஸ் கோருக்கு அது 300 சைக்கிள். அந்த 300 சைக்கிளும் கணக்கில் வேலைதான். ஒரு சைக்கிளுக்கு எத்தனை கட்டளைகள் முடிந்தன என்பதை லினக்ஸின் பெர்ஃப் கருவி காட்டும். அது ஒன்றுக்கு வெகுவாகக் கீழே இருந்தால், பெரும்பாலும் மெமரிதான் தடை. அதிக கோர் வாங்கிப் போட்டாலும் அந்த நிரல் வேகமாகாது.

ஹைப்பர் த்ரெடிங் உள்ள கோர் இரண்டு லாஜிக்கல் ப்ராசஸராகத் தெரியும், ஆனால் உள்ளே இருக்கும் கணக்கிடும் பாகங்கள் பொதுவானவை. எல்லாக் கோர்களிலும் ஒரு பாதி மட்டும் ஓடும்போது 50 சதவீதம் என்று வரும். மீதி 50-ஐயும் நிரப்பினால் வேலை இரட்டிப்பாகும் என்று எதிர்பார்க்கக் கூடாது, அதைவிட வெகு குறைவாகத்தான் கூடும்.

ஆப்பிள் எம் வரிசை ப்ராசஸர்களில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். அவற்றில் வேகமான கோர்கள் தனி, சிக்கனமான கோர்கள் தனி. பின்னணி வேலைகள் சிக்கனக் கோரில், அதுவும் குறைந்த வேகத்தில் ஓடும்போது, ஆக்டிவிட்டி மானிட்டரில் 100 என்றே தெரியும். அதே வேலை வேகமான கோரில் அதைவிட வெகு குறைந்த சதவீதத்தில் முடிந்திருக்கும். ஸ்பாட்லைட் தேடல் பட்டியல் போடும்போது பெரிய எண்ணைப் பார்த்து அதை நிறுத்தத் தேவையில்லை. மேக்கில் கெர்னல் டாஸ்க் என்ற ப்ராசஸ் சில சமயம் பெரிய எண்ணோடு மேலே வரும். சூடு ஏறும்போது மற்ற ஆப்களுக்குக் கோர் கிடைக்காமல் இடத்தைப் பிடித்து வைத்திருப்பது அதன் பணிகளில் ஒன்று என்று ஆப்பிளே விளக்கியிருக்கிறது.

சராசரிக்குள் மறையும் காத்திருப்பு

கண்டெய்னர்களில், அதாவது ஒரே சர்வருக்குள் பிரித்து வைக்கப்பட்ட தனி இடங்களில், நிரல் ஓட்டுபவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. ஒரு கண்டெய்னருக்கு அரை சிபியு என்று வரம்பு வைத்தால், லினக்ஸ் அதை ஒவ்வொரு 100 மில்லி நொடிக்கும் 50 மில்லி நொடி ஒதுக்கீடு என்று செயல்படுத்தும். அந்த நிரலுக்கு எட்டு த்ரெட்கள் இருந்து, ஒரு கோரிக்கை வந்ததும் எட்டும் சேர்ந்து எட்டு கோர்களில் ஓடத் தொடங்கினால், 6.25 மில்லி நொடியில் ஒதுக்கீடு காலி. மீதி 93.75 மில்லி நொடி எல்லாமே நிறுத்தி வைக்கப்படும். இப்படி நொடிக்கு இரண்டு மூன்று முறைதான் நடந்தது என்றால், நிமிடச் சராசரியில் வரம்பின் 20, 30 சதவீதம்தான் தெரியும். பயனருக்கோ ஒவ்வொரு முறையும் கண்ணில் படும் தாமதம். இதைக் கண்டுபிடிக்க, இந்த வரம்பை அமல்படுத்தும் லினக்ஸ் வசதியான கண்ட்ரோல் குரூப்பின் சிபியு ஸ்டாட் கோப்பில் எத்தனை முறை நிறுத்தப்பட்டது என்ற எண்ணைப் பார்க்க வேண்டும்.

காத்திருப்பை அளக்க லோடு ஆவரேஜ் என்ற எண் 1970-களிலிருந்தே இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளும் ஓடக் காத்திருக்கும் வேலைகளும் சராசரியாக எத்தனை என்று அது சொல்லும், 1, 5, 15 நிமிடங்களுக்கு மூன்று எண்கள். ஆனால் 1993-ல் வந்த ஒரு மாற்றத்திலிருந்து லினக்ஸ் அதில் டிஸ்க்குக்காக அசைக்க முடியாமல் காத்திருக்கும் வேலைகளையும் சேர்த்து எண்ணுகிறது. லோடு 30, சிபியு 5 சதவீதம் என்று ஒரு சர்வர் நிற்பது இதனால்தான். டிஸ்க்கோ நெட்வொர்க் ஸ்டோரேஜோ சிக்கியிருக்கும்.

இதைவிடத் தெளிவான அளவு லினக்ஸ் 4.20-ல், 2018 கடைசியில் வந்தது. ப்ரெஷர் ஸ்டால் இன்ஃபர்மேஷன் என்று பெயர், ப்ராக் அடைவில் ப்ரெஷர் என்ற இடத்தில் சிபியு, மெமரி, ஐஓ என்று தனித்தனியாக இருக்கும். சிபியு கோப்பில் 10 நொடிச் சராசரி 12 என்றால், அண்மைய நொடிகளில் 12 சதவீத நேரம் குறைந்தது ஒரு வேலையாவது ஓடத் தயாராக இருந்தும் கோர் கிடைக்காமல் நின்றது என்று பொருள். சிபியு 95 சதவீதத்தில் நின்றும் இந்த எண் பூஜ்யத்தை ஒட்டியே இருந்தால், அந்த சர்வரில் கோர் கிடைக்காமல் எதுவும் நிற்கவில்லை. சிபியு 40-தான், ஆனால் இந்த எண் 20-ஐத் தாண்டுகிறது என்றால், கோர் காலியாக இருந்தும் எதுவோ வேலையைத் தடுக்கிறது. கண்டெய்னர் வரம்பு, ஒரே கோரில் கட்டிவைக்கப்பட்ட த்ரெட்கள், குறுகிய நேரத்தில் குவியும் கோரிக்கைகள் என்ற வரிசையில் தேடிப் போகலாம்.